மூன்றாம் படியில் ஒரு கிளாஸ்

சனிக்கிழமை. இரவு ஒன்பது முப்பத்தைந்து.

மங்கரேப் புறநகரைத் தாண்டித் தெற்கே போகிற ரோடு. ஒரு பக்கம் சேறும் உப்புத் தண்ணீருமான குடா. மறுபக்கம் வெங்காயத் தோட்டங்கள். தெருவிளக்குக் கிடையாது. மழையைக் காற்று கிடையாக எறிந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு வெள்ளை வான்... அதை ஓட்டிக்கொண்டு போனவருக்குக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே பயம். பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தால் இரண்டு பேர் பிழைப்பார்கள். சேராவிட்டால்...

இந்த இடத்தில் மகேசன் நிறுத்திவிட்டு, மல்லித் தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

அது 1989ஆம் ஆண்டுச் சிவராத்திரி. கிளென் ஈடனில் சபாரத்தினம் வீட்டுக் கராஜ். புலம்பெயர்ந்து வந்த ஊரில் கூடிக் கும்பிட வேறு இடம் அமையாத காலம். காரை ரோட்டில் விட்டுவிட்டு, கராஜைக் கழுவி, ஒரு மூலையில் சிவலிங்கப் படம் வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். பிள்ளைகள் அறைகளில் தூங்கிவிட்டார்கள். பெரியவர்கள் பதினொரு பேர் நெருக்கியடித்துக்கொண்டு விழித்திருந்தார்கள். "நித்திரை வருகுது. ஒரு பேய்க்கதையாவது சொல்லுங்கோ" என்று கேட்டது, அவர்களில் இளையவளான யோகராணி.

மகேசன் பென்ரோஸில் பம்ப் பழுது பார்க்கிறவர். கதை சொல்லத் தொடங்குமுன் அவர் கதவோரம் பார்த்தார். அங்கே, கவிழ்த்து வைத்த பால் போத்தல் பெட்டியின் மேல், ஆனந்தராசா உட்கார்ந்திருந்தார். சபாரத்தினத்தின் தூரத்துச் சொந்தம். ஆறு மாதமாகப் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறவர். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மெஷினில் போனது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"சொல்லட்டோ?" என்றார் மகேசன்.

"சொல்லு" என்றார் ஆனந்தராசா. "ஆனா பத்துக்கு முன்னம் முடி."

அந்த வானை ஓட்டியது அவர்தான். போன வருடம், ஆகஸ்ட்.

ஆனந்தராசா குளிர்சாதன மெக்கானிக். பப்களின் நிலவறைகளைக் குளிராக வைத்திருப்பதும், பியர்க் குழாய்களைக் கழுவிக் கொடுப்பதும் வேலை. அவர் பார்த்த பப்களில் ஒன்று குடாக்கரையில் இருந்த ஃபெரி ஹோட்டல். சின்னக் கிராமம், நாற்பது வீடு, டெய்ரி என்கிற சின்னக் கடை ஒன்று, ஒரு பப். நூறு வருடத்துக்கு முன் தோணித்துறை இருந்த இடம். இரண்டு மாடி, மரக் கட்டடம், கீழே கருங்கல் நிலவறை.

இந்த நாட்டுப் பப்பில் பியர் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். பெட்ரோல் வருகிற மாதிரி அது டாங்கரில் வரும். ரோட்டோரப் பலகைக் கதவைத் திறந்து, தடித்த குழாயை உள்ளே விட்டு, நிலவறையில் உள்ள உருக்குத் தாங்கிகளை நிரப்புவார்கள். அழுத்தக் காற்று அதைக் கீழிருந்து மேலே தள்ளும். வழியில் குளிர்நீர்ப் பெட்டிக்குள் பாம்பு மாதிரிச் சுருண்ட குழாயில் ஓடிக் குளிரும். மேலே கவுண்டரில் திருகிப் பிடிக்கிற குழாயெல்லாம் இல்லை... நீண்ட பிளாஸ்டிக் ஹோஸ். நுனியில் துப்பாக்கி மாதிரி ஒரு விசை. பூமரத்துக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி, ஒருவர் நடந்துகொண்டே எல்லோருடைய ஜக்குகளையும் நிரப்பலாம். ஏனென்றால், ஐம்பது வருடம் இந்த நாட்டில் மாலை ஆறு மணிக்குப் பப்பைப் பூட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஐந்து மணிக்கு வேலை விட்டு ஓடி வருகிறவர்களுக்கு ஒரே ஒரு மணி நேரம். அதற்குள் எவ்வளவு இறங்குமோ...

"மகேசன் அண்ணை" என்றாள் யோகராணி, "பைப்பை விட்டுட்டுப் பேயைக் கொண்டு வாங்கோ."

"பேய் பைப்புக்குக் கீழதான் பிள்ளை இருக்கு. பொறு."

அந்தப் பப்பின் முதல் முதலாளி பெயர் ஏமோஸ் ட்ரே. 1880களில். அப்போது பியர் மரப்பீப்பாயில் வந்தது. பீப்பாயின் அடைப்பை உள்ளே தள்ளிக் குழாயை அடித்து இறக்க ஒரு கொட்டாப்புளி வேண்டும். முழங்கை நீளப் பிடி, தலை தேங்காய் அளவு, கன மரம். ஏமோஸ் அதை வேறு வேலைக்கும் வைத்திருந்தான். இரவு பத்துக்குக் கவுண்டரில் மூன்று தட்டு. டொக்... டொக்... டொக். மூன்றாவது தட்டுக்குப் பிறகு உள்ளே இருப்பவன் எவனாக இருந்தாலும் அடி. ஒரு நாள் ஒரு தோணிக்காரன், குடித்துமுடித்த கிளாஸைக் கீழே வைக்கத் தாமதித்தான். ஒரே அடி. மண்டை பிளந்து, மூளை கவுண்டரில் தெறித்தது.

நீதவான் தூக்குக்கு அனுப்பவில்லை. குடிவெறிச் சண்டை என்று எழுதி, லைசென்ஸை மட்டும் பறித்தார். வில்லியம் கார் என்று புது ஆள் வந்தான். பப் முதலாளியின் பெயரை வாசலுக்கு மேலே எழுத வேண்டும் என்பது சட்டம். ஏமோஸ் ட்ரே என்ற கறுப்பு எழுத்தின் மேல் வெள்ளை அடித்து வில்லியம் காரின் பெயரை எழுதினார்கள்.

அன்று இரவு பத்து மணிக்கு, பீப்பாய் இறக்கும் பலகைக் கதவு வழியாக நிலவறைக்குள் இறங்கி, உள்ளிருந்து படியேறி வந்தான் ஏமோஸ். "வீட்டைக் காலி பண்ணுங்கள்" என்று மட்டும் சொன்னான். மூன்று பேருக்குக் கை கால் முறிந்தது. வில்லியம் கார் நிலவறைக்கு ஓடினான். மேலிருந்து மூன்றாம் படியில் அவனுடைய தலை தேங்காய்ச் சிரட்டை மாதிரி உடைந்தது. பிறகு ஏமோஸ் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்று கிளாஸ் துடைக்கத் தொடங்கினானாம். ஊரே திரண்டு வந்தது. முப்பது ஆண்கள். அவனை இழுத்துவந்து அதே மூன்றாம் படியில் போட்டு, அவனுடைய கொட்டாப்புளியாலேயே... மாறி மாறி அடித்தார்கள். முப்பது பேரும் ஆளுக்கு ஒன்று. கடைசி அடி விழும்வரை அவன் சொன்னது ஒன்றுதான். "முதலாளி நான்."

அடுத்து வந்த முதலாளி, மூன்றாம் மாதம் அந்தப் படியில் தாடை இல்லாமல் கிடந்தான்.

நான்காவது ஒரு விதவை. முதல் இரவே நிலவறைக்குள் மூன்று தட்டுக் கேட்டது. யாரோ வாடிக்கையாளன் வெறியில் கீழே விழுந்து கிடக்கிறான் என்று நினைத்தாள். ஒரு கிளாஸ் பியர் எடுத்துவந்து மூன்றாம் படியில் வைத்து, "நேரமாச்சு, குடிச்சிட்டுக் கிளம்பு" என்று அதட்டினாள். சத்தம் நின்றது. காலையில் கிளாஸ் காலி. அன்று தொடங்கியது அந்தப் பப்பின் வழக்கம். ஒவ்வொரு முதலாளியும் அடுத்தவருக்குச் சாவிக்கொத்தோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார். ஆறு மணிச் சட்டம் வந்த பிறகும், பூட்டிய பப்புக்குள் பத்து மணிக்கு ஒரு கிளாஸ். ஏனென்றால் அவன் காலத்தில் பப் பூட்டும் நேரம் பத்து. 1931இல் ஒருவர் கல்யாண வீட்டுக்குப் போய் மறந்துவிட்டார். மறுநாள் அவருடைய தொப்பியை மட்டும்தான் மனைவியால் அடையாளம் காட்ட முடிந்தது. ராய் பெல் என்ற கடைசிக்கு முந்திய முதலாளி காய்ச்சலில் ஒரே ஒரு இரவு தவறவிட்டார். அவருடைய வாய் அதன் பிறகு ஒரு பக்கமாகத்தான் திறக்கும்.

மாலை கட்டிக்கொண்டிருந்த இராசமலர், சபாரத்தினத்தின் மனைவி, கையை நிறுத்தினாள். "அப்ப, கிளாஸ் வைக்காட்டி?"

"அதைத்தானே சொல்லுறன்" என்றார் மகேசன்.

1988 தொடக்கத்தில் அந்தப் பப்பை வாங்கியவர் பால் கோவிந்த். ஃபிஜியில் கரும்புத் தோட்டமும் கடையும் வைத்திருந்த தென்னிந்தியக் குடும்பம். அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடுங்கியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். மனைவி லச்மி. முதல் தடவை நிலவறையில் வேலை செய்தபோது, மேலே யாரோ தமிழில் திட்டுவது கேட்டு ஆனந்தராசா படியேறி வந்தார்.

"நம்ம ஆளா நீ?" என்றார் பால். "அட, இறங்குறப்பவே சொல்லக் கூடாதா? லச்மி, தட்டை எடு!"

அன்று தொடங்கிய பழக்கம். அந்த வருடம் ஆனந்தராசாவுக்கு நிமோனியா வந்தது. தனி ஆள். பதினொரு நாள் அவரை மாடி அறையில் படுக்கவைத்துக் கஞ்சி ஊட்டியது லச்மி. வாந்தியைத் துடைத்தது பால் கோவிந்த். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ராய் பெல் சாவியைக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தார். "தினமும் பத்துக்கு ஒரு கிளாஸ். மூன்றாம் படி. 'நேரம் முடிந்தது, ஏமோஸ், குடித்துவிட்டுப் போ' என்று சொல். வேறு எதுவும் பேசாதே. கேட்காதே. நன்றி சொல்லாதே."

பால் சில மாதம் அப்படியே செய்தார். ஆனால் அவருக்கு அது உறுத்தியது. ஃபிஜியில் அவருடைய கரும்புத் தோட்டத்து மூலையில் ஒரு முனீஸ்வரன் இருந்தார். ரம், சுருட்டு, சேவல்... வருடம் தவறாமல். அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்தவன்தான் காவல் தெய்வமாக நிற்பான் என்பது அவருக்குத் தாய்ப்பாலோடு வந்த விஷயம்.

"வெள்ளைக்காரனுக்குச் சாமியை வெச்சுக்கத் தெரியல தம்பி" என்றார். "நாயை விரட்டுற மாதிரி, குடி, போன்னு. நூறு வருசமா. எந்தச் சாமிதான் கோவப்படாது?"

அதோடு, அவருக்குக் காவலும் தேவைப்பட்டது. பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்யும் நாலு சகோதரர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, கறிநாற்றம் என்று கத்தி, ஜக்கை உடைப்பார்கள். ஒருவன் லச்மியின் முன்னாலேயே பாலின் கன்னத்தில் அறைந்தான். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அடுத்த சனிக்கிழமை அவர்கள் மறுபடி வந்தார்கள்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தக் கிளாஸையும் அதட்டலையும் நிறுத்திவிட்டு, பால் மூன்றாம் படியைக் கழுவி மஞ்சள் பூசினார். விளக்கு, ரம், சுருட்டு. டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றவர் ஆனந்தராசா. சேவலின் கழுத்தைப் பால் ஒரே வெட்டில் எடுத்தார். தலையில்லாத உடம்பு படியில் அடித்துக்கொண்டது. இரத்தம் கருங்கல்லில் ஊறியது... வழிந்து ஓடவில்லை, ஊறியது. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பால் சொன்னார்:

"ஐயா, பெரியவரே. இந்த வீட்டுக்கு இனி நீதான் எசமான். நாங்க உன் பிள்ளைங்க. காவல் நில்லு."

நம் ஆட்கள் எந்தச் சாமியிடமும் சொல்வதுதானே? ஆனந்தராசாவும் கும்பிட்டார். அவருக்கும் கண் கலங்கியது.

அந்த நேரம் கம்ப்ரெசர் நின்றது.

அறை போதிய அளவு குளிர்ந்தால் கம்ப்ரெசர் தானாக நிற்கும். அதுதான் அதன் வேலை. ஆனால் அது ஓடத் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனந்தராசா போய் வெப்பமானியைப் பார்த்தார். ஆறு டிகிரி இருக்க வேண்டிய நிலவறை. முள் பூச்சியத்துக்குக் கீழே இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. நாலு சகோதரர்களும் வந்தார்கள். பத்து மணிக்குக் கவுண்டரின் அடியிலிருந்து மூன்று தட்டு. அவர்கள் சிரித்தார்கள். மூத்தவன் ஜக்கைத் தூக்கி எறியக் கையை ஓங்கினான்... ஓங்கிய கை முழங்கையில் பின்பக்கமாக மடிந்தது. எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இரண்டாமவனின் பற்கள் தரையில் உருண்டன. மற்ற இருவரும் வாசலுக்கு வெளியே சேற்றில் முகம் குப்புறக் கிடந்தார்கள். பால் கவுண்டரை விட்டு நகரவேயில்லை என்று இருபது பேர் போலீஸிடம் சொன்னார்கள்.

"பாத்தியா தம்பி?" பாலுக்குப் பூரிப்பு. "சாமி!"

அடுத்த வாரம், கீல்வாதக் கிழவர் ஒருவர். ஒரு வம்புக்கும் போகாதவர். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க நேரமெடுத்தது, அவ்வளவுதான். மூன்றாம் தட்டுக்குப் பிறகு அவருடைய முழங்கால் சில்லு பீங்கான் மாதிரி உடைந்தது. அதற்கடுத்த வாரம், கிளாஸ் பொறுக்கிக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண். மண்டையில். உயிர் பிழைத்தாள்; பேச்சு வரவில்லை.

அப்போதுதான் ஆனந்தராசாவுக்குச் சந்தேகம் வந்தது. இது காவல் இல்லை. கெட்டவன் நல்லவன் என்று இது பார்க்கவில்லை. அவர் ராய் பெல்லைத் தேடினார். அந்தச் சனிக்கிழமை மாலைதான், நகரத்துக்கு மறுபக்கம் ஒரு முதியோர் இல்லத்தில், அவர் கிடைத்தார். பூசையைப் பற்றிச் சொன்னபோது கிழவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உன் கூட்டாளி அவனிடம் என்ன சொன்னான்?"

"இந்த வீட்டுக்கு நீதான் முதலாளி என்று."

ராய் பெல்லின் கோணல் வாய் சிறிது நேரம் அசைந்தது. பிறகு பொறுமையாக விளக்கினார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "ஒரு பப்பில் கிளாஸை ஊற்றிக் கொடுப்பவன் முதலாளி. வாங்கிக் குடிப்பவன் வாடிக்கையாளன். நேரம் முடிந்தது என்று சொல்பவன் முதலாளி. எழுந்து போகிறவன் வாடிக்கையாளன். தினமும் நாங்கள் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்... நீ முதலாளி இல்லை, ஏமோஸ். அவனுக்கு அது விளங்கியது. இப்போது அவன் பப்பை நடத்துகிறான். இதுவரை அவன் கைக்கு வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள்; இனி அவர்கள் பயந்து முன்னமே போய்விடுவார்கள். அதற்குப் பிறகும் அந்த வீட்டில் மிச்சம் இருப்பது யார்?"

ஆனந்தராசா வெளியே ஓடினார். மாடியில் தூங்குகிற இரண்டு பேர். இல்லத்துப் போனிலிருந்து பப்புக்கு அடித்தார். மணி போகவில்லை... எங்கேஜ்ட் சத்தம் மட்டும்.

இப்போது அந்த ரோடு. அந்த மழை.

பத்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அவர் பப்பின் முன்னால் பிரேக் அடித்தார். ஹெட்லைட் வெளிச்சம் வாசலின் மேல் விழுந்தது. பால் கோவிந்த் என்று எழுதிய வெள்ளைப் பெயின்ட் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது. அதற்கடியில் ராய் பெல், அந்த விதவை, வில்லியம் கார்... எல்லாப் பெயரும் அடுக்கடுக்காக உரிந்து, கடைசியில் கறுப்பு எழுத்து. ஈரம் காயாதது போல மின்னியது.

உள்ளே ஒரு வாடிக்கையாளரும் இல்லை. சனிக்கிழமை இரவு! போன் ரிசீவர் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. லச்மி மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பால் கவுண்டருக்குப் பின்னால்.

"வெளியில வாங்கோ! ரெண்டு பேரும், இப்பவே!"

"என்ன தம்பி, நனைஞ்சு வந்து நிக்கிறே? லச்மி, துண்டு எடு."

"பால் அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன். அது சாமி இல்லை. வாங்கோ!"

"சத்தமாப் பேசாத. கீழ கேக்கும்." பால் சிரித்தார். "நம்ம வீட்டுப் பெரியவர் நம்மளை என்ன செய்யப் போறார்?"

டொக்.

கவுண்டரில் இருந்த கிளாஸ்கள் ஒன்றையொன்று தொட்டு மெல்ல ஒலித்தன.

ஆனந்தராசா லச்மியின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் கணவனைப் பார்த்துத் திமிறினாள்.

டொக்.

நனைந்த கம்பளி மணம். பழைய சுருட்டு. வாயில் செப்புக்காசு வைத்தது போல ஒரு சுவை. நிலவறைக் கதவு திறக்கவில்லை. ஆனால் பலகைத் தரையில் ஈரமான பாதம் ஒன்று பதிந்தது. அடுத்து இன்னொன்று.

பால் கை கூப்பினார். "ஐயா..."

டொக்.

முதல் அடி கூப்பிய கைகளின் மேல். பச்சைக் கரும்பை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம். பத்து விரலும் பத்துத் திசையில் நின்றன. அவர் கத்தவில்லை, நம்ப முடியாமல் கைகளைப் பார்த்தார். இரண்டாவது அடி தோளில். மூன்றாவது முகத்தில்... கன்னம் உள்ளே போய் அங்கேயே நின்றது. பிறகு எதுவோ அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துக் கவுண்டருக்கு மேலாக இழுத்தது. அவர் தரையில் விழுந்தார். வாசலை நோக்கித் தரையோடு இழுபட்டார். லச்மி பாய்ந்து அவருடைய காலைப் பிடித்துக்கொண்டாள். அவளும் சேர்ந்து இழுபட்டாள். அவளுடைய கூந்தல் மேல்நோக்கி நிமிர்ந்தது, யாரோ கொத்தாகப் பிடித்தது போல.

பாலின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்து அறுந்து, தரையில் வழுக்கி, ஆனந்தராசாவின் சப்பாத்தில் வந்து முட்டியது.

அதை எடுத்தார். ஹோஸைப் பிடித்து ஒரு கிளாஸ் நிறைத்தார். அவசரத்தில் பாதி நுரை. நிலவறைக் கதவைத் திறந்து மூன்றாம் படியில் வைத்தார். பூசி உலர்ந்த மஞ்சள் இன்னும் இருந்தது. திரும்பி நின்று கத்தினார்.

"ஐயா, நேரம் முடிஞ்சுது, தயவுசெய்து..."

'ஐயா' வாய் பழகிய சொல். வெளியே வந்த பிறகுதான் அவருக்கே கேட்டது. கொட்டாப்புளி கதவு நிலையில் விழுந்தது. நிலையைப் பிடித்திருந்த இடது கையின் இரண்டு விரல்கள் அங்கே இல்லை. வலி வரவில்லை. வந்தது கோபம். அந்த மாடி அறை, அந்தக் கஞ்சிக் கோப்பை, அதைப் பிடித்திருந்த கை... அந்தக் கையின் சொந்தக்காரி தலைமயிரில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"டேய்!" என்றார். "குடிச்சிட்டு வெளிய போடா. கடை பூட்டியாச்சு."

எந்தப் பாஷையாக இருந்தால் என்ன? முதலாளியின் குரல் எல்லாக் குடிகாரனுக்கும் தெரியும்.

லச்மியின் கூந்தல் கீழே விழுந்தது. ஈரப் பாதங்கள் அவரைக் கடந்து போயின. முகத்தில் பனிக்கட்டி உரசியது போல. பியரை ஒரு மிடறு குடித்தால், நுரை கிளாஸின் உட்பக்கத்தில் ஒரு வளையம் விட்டுப்போகும். எத்தனை வளையமோ அத்தனை மிடறு. ஆனந்தராசா பார்த்துக்கொண்டே நின்றார். படியில் யாரும் இல்லை. கிளாஸில் வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன. ஏழு. பிறகு காலி.

ஆம்புலன்ஸ் வரும்போது பால் கோவிந்த் போய்விட்டார். போலீஸ் அந்த நாலு சகோதரர்களை விசாரித்து விட்டுவிட்டது. லச்மி அக்கா வீட்டுக்குப் போனாள். பப்புக்குப் பலகை அடித்தார்கள்.

ஆனந்தராசா கிளென் ஈடனுக்கு வந்து பின்னறை எடுத்தார். வந்த மூன்றாம் இரவு, பத்து மணி, பின்பக்க மரப்படியில் மூன்று தட்டு.

"நேரம் முடிஞ்சுது எண்டு சொன்னது இவர். சாவியும் இவரின்ர கையில. அப்ப, முதலாளி இவர்தானே?" என்று முடித்தார் மகேசன். "அண்டைக்கு இரவில இருந்து தினமும் ஒரு கிளாஸ். இந்த வீட்டுப் பின்படியில. மூண்டாம் படி."



"சும்மா சொல்லுறார்" என்றாள் யோகராணி. சிரிப்பு வரவில்லை. "என்ன ஆனந்தராசா அண்ணை?"

"சும்மா இல்லைப் பிள்ளை." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐம்பத்தாறு. எழுந்து, கராஜ் மூலையில் நின்ற தன் பழைய பிறிஜ்ஜைத் திறந்தார். உள்ளே மஞ்சள் வெளிச்சம். ஒரு கிண்ணத்தில் பஞ்சாமிர்தம். ஒரு மாலை. வேறு ஒன்றும் இல்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். இராசமலரின் மடியில் பூவெல்லாம் சிதறிக் கிடந்தது.

"அண்ணை" என்றாள். "சுவாமி வைக்கிற இடத்தில போத்தில் கிடக்கெண்டு... காலமையே எல்லாத்தையும் சிங்குக்குள்ள ஊத்திப் போட்டன். எனக்கு என்னெண்டு தெரியும் அண்ணை?"

"கடைக்கு ஓடட்டோ?" சபாரத்தினம் எழுந்தார்.

"எல்லாம் பத்துக்குப் பூட்டு. ஓடிப் போக நேரம் காணாது" என்று பிறிஜ்ஜை மூடினார் ஆனந்தராசா.

பிறகு மகேசனின் கையிலிருந்த மல்லித் தண்ணியைக் கிளாஸோடு வாங்கினார். உருட்டுக் கதவை இடுப்பளவு தூக்கி, குனிந்து வெளியே போனார். "இழுத்து மூடுங்கோ" என்றார்.

மூடினார்கள்.

ஈரப் புல்லில் அவருடைய காலடி. கிளாஸை மரத்தில் வைக்கிற சத்தம். பிறகு அவருடைய குரல், அவர்கள் ஒருநாளும் கேட்டிராத குரல்.

"நேரம் முடிஞ்சுது. குடிச்சிட்டுப் போடா."

யாரோ ஒரு வாய் எடுத்துச் சுவைக்கிற சத்தம். எடுத்ததைத் துப்புகிற சத்தம். கிளாஸ் மெதுவாகக் கவிழ்ந்து, தண்ணீர் ஒவ்வொரு படியாகச் சொட்டியது.

ஆனந்தராசாவின் குரல் மறுபடி கேட்டது. இப்போது மிக மெல்லியதாக.

"ஐயா..."

கரும்பு முறிந்தது.

அதற்குப் பிறகு ஈரப் புல்லில் காலடி, கராஜை நோக்கி. உருட்டுக் கதவின் தகரத்தில், வெளிப்பக்கத்தில், முதல் தட்டு விழுந்தது. உள்ளே பத்துப் பேர். அந்தக் கராஜுக்கு வேறு வாசல் இல்லை.